கிழக்கு மூலையில் இரட்டைத் துணி

மாசிலாமணி அண்ணன் செத்த அன்று அவர் வீட்டு வாசலில் கட்டியிருந்த பந்தலைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திண்டிவனத்தைச் சுற்றி முக்கால்வாசிக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் பந்தல் போட்ட மனுஷன் அவர். அவருடைய சாவுக்குக் கட்டிய பந்தல் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. ஒற்றைத் துணி, அதுவும் கிழிசல். ஐஸ் பெட்டிக்குள் கிடந்த அவர் முகத்தில் உச்சி வெயில் நேராக விழுந்தது.

"எவன்யா கட்னது இத? கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று நான் போட்ட சத்தத்தில் அழுதுகொண்டிருந்த பெண்கள்கூட ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டார்கள். கட்டினவர்கள் டீக்கடைக்குப் போயிருந்தார்கள்.

அண்ணனுடைய ஒரே பிள்ளை இனியவன் உள்ளே போய் ஒரு கறுப்புக் குடையை எடுத்துவந்தான். அதை விரித்து அப்பாவின் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றான். ஃபாதர் வந்து ஜெபம் முடிக்கிற வரைக்கும் நின்றான். யார் யாரோ வந்து குடையைக் கேட்டார்கள். அவன் தரவில்லை. படித்த பிள்ளை, துக்கத்தில் ஏதோ பண்ணுகிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். அவன் ஏன் தரவில்லை என்று எனக்குத் தெரியும். கல்லூரியில் அது நடந்த அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன்.

நான் ஆனந்தராஜ். மைக் செட் வைத்திருக்கிறேன். பந்தல் போட்ட இடத்துக்கு மைக் வந்தாக வேண்டும் என்பதால் அண்ணனும் நானும் பாதி வாழ்க்கையை ஒரே டெம்போவில் கழித்தோம். அவர் பந்தல் கான்ட்ராக்டர் இல்லை. கான்ட்ராக்டர் அனுப்புகிற இடத்தில் போய்க் கட்டுகிற கூலியாள். ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும் வீட்டுக்காரரைப் பார்க்குமுன் வானத்தைப் பார்ப்பார். சாப்பாட்டு நேரத்துக்குச் சூரியன் எங்கே நிற்கும், பந்தி எந்தப் பக்கம் உட்காரும் என்று ஒரு கணக்கு ஓடும். பிறகுதான் கழியை ஊன்றுவார்.

"வந்தவங்க மேல வெயில் பட்டா அது பந்தலே இல்ல ஆனந்து. அது சும்மா அலங்காரம்" என்பார்.

மேல்மலையனூர் அமாவாசைக்கு அன்னதானப் பந்தல் போடப் போவோம். ஜனங்கள் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அண்ணன் கழியோரம் வெயிலில் நின்று எந்த முடிச்சு தளர்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். சில ஊர்களில் அவர் கட்டிய பந்தலுக்குள் அவருக்கு இலை போட மாட்டார்கள். பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். போடாதவர்கள் என் சாதி ஜனங்கள்தான். எனக்கு வாய் துடிக்கும். அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டெம்போவுக்குப் போய்விடுவார். "வுடு, பேஜாரு பண்ணாத. புள்ள படிக்குது" என்பார். எதற்கெடுத்தாலும் அதுதான் அவருக்குப் பதில். பிள்ளை படிக்கிறது.

அந்தப் பிள்ளை படிக்கவும் செய்தான். எம்எஸ்சி முடித்து, பிஎச்டியும் வாங்கி, ஹைவே ஓரத்தில் விக்கிரவாண்டிக்குப் போகிற வழியில் இருக்கும் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி வேலையில் சேர்ந்தான். தினமும் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் போய்வருவான். என்ன ஆராய்ச்சி என்று அவர்கள் தெருவில் யாருக்கும் புரியவில்லை. எனக்கு ஒருநாள் லேபுக்குள்ளேயே கூட்டிப்போய்க் காட்டினான்.

சட்டைப் பொத்தான் அளவில் இரண்டு சின்னச் சக்கரங்கள். அவற்றைச் சுற்றி மாவு மில் பெல்ட் மாதிரி ஒரு பெல்ட். ஆனால் வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசு. மொத்தத்தையும் ஒரு கனத்த கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தான். பெட்டி மூடியில் பாதி நீலக் கண்ணாடி, பாதி மஞ்சள் கண்ணாடி. மேலே விளக்கைப் போட்டான். பெல்ட் ஒரு தரம் சிலிர்த்தது. பிறகு சக்கரங்கள் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தன.

"ஒயரு எங்கடா?" என்றேன்.

"ஒயரு இல்ல சித்தப்பா."

"பேட்டரி?"

"அதுவும் இல்ல. இந்த ஃபிலிம்மே வெளிச்சத்துக்கு அசையும். நீல வெளிச்சம் படற எடத்துல சுருங்கும். மஞ்ச வெளிச்சம் படற எடத்துல விரியும். ஒரு பக்கம் சுருங்கி ஒரு பக்கம் விரிஞ்சா பெல்ட்டு நகரும், சக்கரம் சுத்தும். அவ்ளோதான்."

நாளைக்கு இதையே கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாகப் பண்ணினால் உடம்புக்குள் மருந்தைத் தள்ளிவிடலாம், வெளியே இருந்து வெளிச்சம் காட்டினாலே போதும் என்றான். சொல்லும்போது அவன் முகம் அப்படி இருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது, சொல்லத் தெரியாமல் ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அண்ணனுக்கு இதையெல்லாம் அவன் காட்டவில்லை. மறைத்தான் என்று இல்லை. நன்றாக ஓடட்டும், பிறகு காட்டலாம் என்று இருந்தான். லேபில் வைத்தால் யாராவது திறந்துவிடுகிறார்கள் என்று பயந்து, பண்ணி முடித்த ஃபிலிம்களைக் கறுப்புப் பேப்பரில் சுற்றி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வீட்டுக்கு எடுத்துவருவான். வேலை செய்யாத நேரத்தில் அது இருட்டில்தான் இருக்க வேண்டும். நாள் முழுக்க வெயில் வாங்கினால் வெறும் பிளாஸ்டிக் ஆகிவிடும். ஒரு மழை நாளைக்கு மறுநாள் சவுரியம்மாள் அண்ணி, டப்பா ஈரம் பிடித்துவிட்டதே என்று, உள்ளே இருந்ததை எடுத்து ஜன்னல் திண்டில் காயவைத்துவிட்டாள். சாயங்காலம் இனியவன் வந்து பார்த்தான். வாழ்க்கையிலேயே முதல் தரமாக அம்மாவைப் பார்த்துக் கத்தினான். பிறகு மூலையில் உட்கார்ந்து அழுதான். சாப்பிடவில்லை.

அண்ணன் மறுநாள் டெம்போவில் வரும்போது எனக்குச் சொன்னார்: "அதுக்கு வெயில் ஆவாதாம் ஆனந்து. வெயில் பட்டா எல்லாம் பாழாம். பாவம், எவ்ளோ நாள் வேலையோ."

அவருக்கு விளங்கியது அவ்வளவுதான். வேலை முழுக்க வெயிலை மறைப்பதாகவே இருந்த மனுஷனுக்கு வேறு எப்படி விளங்கும்?

அந்த ஆடி மாதத்தில் கல்லூரியில் அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். அதோடு சேர்த்து இனியவனுக்கும் ஒரு நாள் குறித்திருந்தார்கள். பெங்களூரில் மருத்துவக் கருவிகள் செய்யும் கம்பெனி ஒன்றிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். விளக்கில் ஓடுகிற மோட்டாரை அவர்கள் நிறையப் பார்த்துவிட்டார்களாம். விளக்கு இல்லாமல் வெறும் வெயிலில் ஓடினால் இவனை வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். கல்லூரியில் அவன் வேலை அந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிக்க மாட்டோம் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். ஆகவே அந்தச் சக்கரம் வெயிலில் சுற்றினால் பெங்களூர். சுற்றாவிட்டால் ஒன்றும் இல்லை.

பந்தல் வேலை அண்ணனுக்கு வந்தது. மைக் எனக்கு. முதல் நாள் கழி ஊன்றும்போது இனியவன் வந்தான். அப்பாவும் பிள்ளையும் பேசியதை நான் ஒயர் இழுத்துக்கொண்டே கேட்டேன்.

"உன் டேபிள் எங்கடா வருது?"

"கெழக்கு மூலையிலப்பா. மரம் இல்லாத எடமாப் பாத்துக் கேட்டிருக்கேன்."

"மரமே இல்லியா? சரி, நீ போ. உன் எடத்த நான் பாத்துக்கறேன்."

மரம் இல்லாத இடம் என்று சொன்னாலே போதும் என்று பிள்ளை நினைத்தான். மரம் இல்லாத இடம் என்பதால்தான் நன்றாக மூட வேண்டும் என்று அப்பா நினைத்தார். இரண்டு பேருக்கும் சந்தோஷம்.

மறுநாள் காலையில் அண்ணன் அந்த மூலைக்கு மட்டும் இரட்டைத் துணி போட்டார். கீழே மஞ்சள், மேலே சிவப்பு. கான்ட்ராக்டர் கொடுத்ததில் நல்ல துணியாகப் பொறுக்கி எடுத்தது. ஒரு ஊசி வெயில்கூட இறங்காதபடி இழுத்துக் கட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "எப்டி? சூரியன் நட்டுக்க நின்னாலும் நெழலுதான்." எனக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். லேபில் நான் பார்த்தது விளக்கைத்தான். வெயிலில் ஓட்டப் போகிறான் என்பதே எனக்கு அங்கே மைக்கில் அறிவித்தபோதுதான் தெரியும்.

இனியவன் காலை முழுக்க மேலே லேபில் இருந்தான். விருந்தாளிகள் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். அவன் கண்ணாடிப் பெட்டியை இரண்டு பேரை விட்டுத் தூக்கிவந்து மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தான். மேலே பார்த்தான். முகம் செத்துவிட்டது.

மஞ்சளும் சிவப்பும் வழியாக இறங்கிய வெளிச்சத்தில் மேசை, பெட்டி, அவன் கை எல்லாம் ஆரஞ்சாக இருந்தது. நீலத்தை அந்தத் துணி விடவில்லை. நீலம் இல்லாமல் பெல்ட் அசையாது. எதிரே பெங்களூர்க்காரர்கள் வரிசையாக நின்றார்கள். பெட்டிக்குள் சக்கரம் சும்மா இருந்தது.

அவனுடைய பேராசிரியர் சக்கரபாணி பக்கத்தில் வந்து, "இன்னா ஆச்சு?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"மேல துணி சார். டேபிள வெளிய தள்ளிட்டா ஓடிடும் சார்."

"கெஸ்ட்ட வெயில்ல நிக்க வெப்பியா நீ? சீஃப் கெஸ்ட்டும் வர்றாரு. ஒழுங்கா எதனா பண்ணு."

இதுதான் நம்முடைய புத்தி. வந்தவர்கள் வெயிலைப் பார்க்கத்தான் பெங்களூரிலிருந்து வந்திருக்கிறார்கள். அவர்கள் மேல் வெயில் படக்கூடாதாம். அந்த ஆளை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்? அங்கே இருந்த அத்தனை பேரும் அதையேதான் நினைத்தார்கள்.

அண்ணன் கழியோரம் நின்று பிள்ளையைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இனியவன் அவரிடம் ஓடினான்.

"அப்பா, துணியத் தொறக்கணும்பா. இதுக்கு வெயில் வேணும்."

"வெயிலா? வெயில் ஆவாதுன்னியேடா!"

"அது எடுத்து வெக்கறப்பப்பா. ஓடறதுக்கு வெயில்தான் வேணும்."

அண்ணன் முகத்தில் அந்த நேரம் என்ன ஓடியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே பார்த்தார். ஏணி டெம்போவோடு விழுப்புரத்துக்குப் போயிருந்தது. கூட வேலை செய்தவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆடியில் துணியை அவிழ்ப்பதானால் கீழே நாலு பேர் நாலு மூலையில் கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும். காற்று வரும் பக்கத்தைக் கடைசியில்தான் அவிழ்க்க வேண்டும். எத்தனையோ பேரை இதற்காக அவர் வாய்க்கு வந்தபடி திட்டி நான் கேட்டிருக்கிறேன்.

"அண்ணே, ஆளு வரட்டும்ணே" என்றேன்.

"அவங்க கௌம்பிடுவாங்க ஆனந்து. ஜல்தியா வர்றேன்" என்று சொல்லிவிட்டு, கழியைப் பிடித்து மடமடவென்று ஏறிவிட்டார். மேலே குறுக்குக் கழியில் உட்கார்ந்து முதல் முடிச்சை அவிழ்த்தார். இரண்டாவதை அவிழ்த்தார். மேசைக்கு நேராக எது கிட்டத்தில் இருந்ததோ அந்த முடிச்சுகளை. காற்று வரும் பக்கம் அதுதான்.

துணி விலகியது. வெயில் தொப்பென்று மேசையில் விழுந்தது. விருந்தாளிகள் கண்ணைச் சுருக்கினார்கள். பெட்டிக்குள் பெல்ட் ஒரு தரம் சிலிர்த்தது, சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. நான் பார்த்தேன். நன்றாகவே சுற்றியது, லேபில் சுற்றியதைவிட வேகமாக. எல்லாரும் கை தட்டினார்கள். ஒருவர் செல்போனில் படம் எடுத்தார். அத்தனை பேரும் சக்கரத்தைப் பார்த்தார்கள். இனியவன் ஒருத்தன் மட்டும் மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவிழ்ந்த துணிக்குள் காற்று புகுந்தது. துணி உப்பி, குறுக்குக் கழியை ஒரு உலுக்கு உலுக்கியது. அண்ணன் கயிற்றைப் பிடித்தார். கயிறு அவர் அவிழ்த்த கயிறு. கைதட்டல் நிற்கவில்லை. அதற்குள் அவர் கீழே சிமெண்ட் படி விளிம்பில் முதுகு அடிபட விழுந்தார். மைக் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு கல்லூரி முழுக்கப் போட்டது. என் மைக். இப்போதும் நான் எங்கே மைக்கை ஆன் பண்ணினாலும் முதலில் அதுதான் காதில் கேட்கிறது.

ஆம்புலன்சில் முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது அவருக்கு நினைவு இருந்தது. காலை நகர்த்தச் சொன்னார்கள். நகரவில்லை. அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "சுத்துச்சா?" என்றுதான் கேட்டார்.

இனியவன் என் முகத்தைப் பார்த்தான். அவனுக்கே தெரியாது. அவன் பார்க்கவில்லை.

"சுத்துச்சுண்ணே. சூப்பரா சுத்துச்சு. எல்லாரும் கை தட்னாங்க" என்றேன் நான்.

"அது போதும்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

போதவில்லை. பெங்களூரிலிருந்து வேலைக்கு வரச்சொல்லி உத்தரவே வந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. அண்ணனுக்கு இடுப்புக்குக் கீழே உயிர் இல்லை. ஒரே பக்கமாகப் படுத்தால் முதுகெல்லாம் புண் வந்துவிடும், இரவு பகல் பார்க்காமல் புரட்டிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். சவுரியம்மாள் அண்ணி தனியாக அவரைப் புரட்ட முடியாது. அவளுக்கே முழங்கால் வீக்கம்.

"போடா. நான் இன்னா ஓடியா போவப் போறேன்? போ" என்று அண்ணன் பிள்ளையைத் துரத்திப் பார்த்தார். கெட்ட வார்த்தைகூடச் சொன்னார். இனியவன் போகவில்லை. கம்பெனிக்காரர்கள் கொஞ்ச நாள் பொறுத்தார்கள். பிறகு வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். அவன் திண்டிவனத்திலேயே ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகச் சேர்ந்தான். மத்தியானம் இடைவேளைக்கு பஸ் பிடித்து வந்து அப்பாவைப் புரட்டிப் போட்டுவிட்டுத் திரும்பிப் போவான். முகம் இறுகிப்போய்விட்டது. சக்கரத்தைப் பற்றி அவன் பேசுவதே இல்லை.

கார்த்திகையில் ஒருநாள், இரண்டு நாளாகப் பெய்த மழை விட்டு வெயில் அடித்திருந்தது. நான் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். அண்ணன் பாதியாகிவிட்டிருந்தார். புண்ணின் வாடை ஊதுபத்தியையும் மீறி வந்தது. வாசல் வழியாகக் கொஞ்சம் வெயில் உள்ளே வந்து அவர் கட்டிலோரம் தரையில் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, "டேய் இனியா, அத எனக்கு ஒரு வாட்டி காட்டேன்" என்றார்.

இனியவன், கல்லூரியை விட்டு வரும்போது கொண்டுவந்த கண்ணாடிப் பெட்டியை, நானும் ஒரு கை பிடிக்கப் பரண்மேலிருந்து இறக்கினான். டப்பாவிலிருந்து கறுப்புப் பேப்பரைப் பிரித்து ஃபிலிமை எடுத்துச் சக்கரத்தில் மாட்டினான். பெட்டியை அந்த வெயிலில் வைத்தான்.

சுற்றியது. சத்தமே இல்லாமல், ஒயர் இல்லாமல், சுற்றிக்கொண்டே இருந்தது.

அண்ணன் தலையைச் சாய்த்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"இம்மாத்துண்டு வெயிலுதான் வேணுமா இதுக்கு?"

"ஆமாப்பா."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த மூலையில நான் துணியே போட்டிருக்க மாட்டனேடா."

கோபமாகச் சொல்லவில்லை. வேலையில் நடந்த ஒரு தப்பை, இன்னொரு வேலைக்காரனிடம் சொல்கிற மாதிரிதான் சொன்னார். இனியவன் தரையில் உட்கார்ந்தான். தலையைக் கட்டில் சட்டத்தில் முட்டுக்கொடுத்தான். அவன் முதுகு குலுங்கியது. அண்ணி அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

அண்ணன் கையை நீட்டி, எட்டிய இடத்தில், பிள்ளையின் முடியைத் தொட்டார்.

"போதும்டா, மூடி வெய்யி. வெயில்லயே வெச்சிக்கினு இருந்தா கெட்டுடப் போவுது."

இனியவன் எழுந்து, ஃபிலிமைக் கழற்றிக் கறுப்புப் பேப்பரில் சுற்றி டப்பாவுக்குள் வைத்தான். நேரமாகிவிட்டிருந்தது. அவன் தோள் பக்கமும் நான் கால் பக்கமும் பிடித்து, அண்ணனைச் சுவர்ப் பக்கமாகப் புரட்டிப் போட்டோம்.